கொழும்புக்கு வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம்?

வாப்பாவின் ஊர் அக்கரைப்பற்று. உம்மா கொழும்பில் பிறந்தவர். எங்கள் வீடு தெமட்டகொடையில் இருக்கிறது. இந்த மூன்று வசனங்களைச் சொன்னாலே எங்கள் வீட்டுக்கு எத்தனை விருந்தாளிகள் வருவார்கள் என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் எடுக்க ஒருவர், கிளினிக் காட்ட ஒருவர், வெளிநாடு போகிறவரை வழியனுப்ப ஒரு வான் நிறைய ஆட்கள் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது வந்துவிடுவார்கள். பலருக்கு வீட்டுக்கு வந்து தங்கவே நேரம் இருக்காது. இரவு பஸ்ஸில் வந்து, வேலையை முடித்து, அன்றிரவே திரும்பிவிடுவார்கள். அவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மகள், அந்தப் பக்கம் சாப்பிட நல்ல கடை எது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எங்கள் வீட்டில் என்னுடையது. சாப்பாட்டுக் கடைகளின் படங்களைத் தொலைபேசியில் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் தம்பி எனக்குச் 'சாப்பாட்டு மந்திரி' என்று பட்டம் வைத்திருந்தான். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தப் பெருமை சென்ற டிசம்பர் விடுமுறையோடு போய்விட்டது.

அந்த விடுமுறையில் வாப்பாவின் மூத்த சகோதரி, எங்கள் மாமி, கண் கிளினிக்குக்கு வந்தார். மாமிக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். அது கண்ணையும் பாதிக்கத் தொடங்கியிருந்தது. லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கு நான்தான் துணைக்குப் போனேன். அதிகாலையிலேயே வரிசையில் நின்றோம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, வைத்தியரைப் பார்த்து வெளியே வரும்போது பகல் பன்னிரண்டரை. மாமி காலையில் ஒரு பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துவிட்டு மாத்திரையும் போட்டிருந்தார்.

"மாமி, இண்டைக்கு உங்கள நல்ல ஓர் இடத்துக்குக் கூட்டிட்டுப் போறன்" என்றேன்.

கறுவாத்தோட்டம் பக்கத்தில் ஓர் அழகான கபே. பெயரை எழுதவில்லை, பிழை அந்தக் கடையுடையதல்ல, என்னுடையது. உள்ளே மங்கலான வெளிச்சம். உணவுப் பட்டியல் முழுக்க ஆங்கிலம். மாமியோ சொட்டு மருந்தால் கிட்டத்தில் இருக்கும் எழுத்தைப் பார்க்க முடியாத நிலையில் இருந்தார். அட்டையை என்னிடமே திருப்பித் தந்து, "நீயே சொல்லு மகள்" என்றார். நான் வாசித்தேன், விலையையும் சேர்த்து. கேட்டுக்கொண்டிருந்தவர், "எனக்குப் பசிக்கல்ல. தண்ணி போதும். நீ தின்னு" என்றார். நான் அதை நம்பி எனக்கு மட்டும் பாஸ்தா சொன்னேன்.

இருபத்தைந்து நிமிடங்கள் கடந்தன. பாஸ்தா வரவில்லை. மாமியின் நெற்றி வியர்த்திருந்தது. தண்ணீர்க் குவளையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பையன்தான் கண்டுபிடித்து, சீனிப் பொட்டலங்கள் நான்கை ஓடிக் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்துக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் மாமிக்குச் சரியாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். முச்சக்கர வண்டியில் வரும்போது மாமி என் கையைப் பிடித்தபடி, "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அல்லவா அவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்! வீட்டுக்கு வந்ததும் வாப்பாவிடம், "நல்ல கடை. புள்ள நல்லாக் கவனிச்சா" என்றார்.

அன்றிரவு என் பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினேன். அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். உங்கள் வீட்டுக்கும் விருந்தாளிகள் வருவார்கள். உங்களிடமும் இதே கேள்வியைக் கேட்பார்கள்.

கடைக்கு முன் ஆளைப் பார்ப்போம்

"நல்ல கடை எது?" என்பது முழுமையான கேள்வி அல்ல. யாருக்கு நல்ல கடை என்பதையும் சேர்த்தால்தான் பதில் சொல்ல முடியும். ஆகவே இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் நான்கு விடயங்களைத் திருப்பிக் கேட்கிறேன்.

ஒன்று, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? சீனி வருத்தக்காரர், சின்னப் பிள்ளைகள், இரவு முழுதும் பஸ்ஸில் வந்தவர்கள் ஆகியோருக்குச் சமைத்துத் தயாராக இருக்கும் கடைதான் பொருத்தம். சொன்ன பிறகு சமைக்கும் கடை எவ்வளவு ருசியாக இருந்தாலும் அந்த வேளைக்கு உதவாது.

இரண்டு, யார் யார் வருகிறீர்கள்? பெண்கள் மட்டும் என்றால் உட்கார வசதியான இடம் வேண்டும். வயதானவர்கள் என்றால் மாடிப்படி ஏறக் கூடாது. நம்முடைய கடைகள் பலவற்றில் குடும்ப அறை மேல் மாடியில்தான் இருக்கிறது என்பது இதில் உள்ள சிக்கல்.

மூன்று, எவ்வளவு செலவு செய்யலாம்? இதை நேரடியாகக் கேட்டால் ஊரவர்கள் ஒருபோதும் சொல்லமாட்டார்கள். "பசிக்கல்ல" என்றுதான் சொல்வார்கள். ஆகவே கேட்காமலே குறைந்த விலைக் கடையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

நான்கு, எத்தனை மணிக்கு? லுஹருக்கா, அஸருக்கா, மஃரிபுக்கா என்று தொழுகை நேரத்தோடு சேர்த்துக் கேட்பேன். தொழ இடமும், முகம் கழுவ இடமும் தேடி அலையாமல் இருக்க வேண்டும் அல்லவா?

இவற்றோடு எனக்கென்று ஒரு சட்டமும் வைத்துக்கொண்டேன். நான் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிடாத கடையை இனிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பட்டியலைத் திருத்தியபோது ஒரு விடயம் தெரியவந்தது. எனக்குப் பிடித்தவை என்று எழுதியிருந்தவற்றில் பாதி, வாப்பாவும் நானாவும் பார்சலாகக் கொண்டுவந்து தந்தவை! சாப்பாட்டின் ருசி எனக்குத் தெரியும். அங்கே ஒரு பெண்பிள்ளை எங்கே உட்காருவாள் என்பது தெரியாது. ஆகவே அந்தக் கடைகளுக்கு வாப்பாவையும் உம்மாவையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப்போகச் சொன்னேன்.

விடியற்காலை: புறக்கோட்டை

வெளியூர் பஸ்களில் வருகிறவர்களுக்குக் கொழும்பின் முதல் காட்சி பெரும்பாலும் புறக்கோட்டைதான். கடைகள் திறக்காத நேரத்திலும் தேநீர்க் கடைகள் விழித்திருக்கும். இடியப்பம், பராட்டா, ரொட்டி, பருப்பு, சொதி, சம்பல் எல்லாம் அந்நேரத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஆவி பறக்க வந்துவிடும். காத்திருக்க வேண்டியதில்லை. விலையும் பயமுறுத்தாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. நமது நாட்டில் 'ஹோட்டல்' என்று பலகை போட்ட இடங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டுக் கடைகளே. தங்குவதற்கு அங்கே அறை இராது. 'முஸ்லிம் ஹோட்டல்' என்றால் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. அங்கே எல்லா இனத்தவரும் சாப்பிடுவார்கள்.

இன்னொரு பழக்கமும் புதியவர்களைக் குழப்பும். மேசையில் உட்கார்ந்து டீ சொன்னதும், கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், பெட்டிஸ், மீன் பணிஸ் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். அதுதான் 'ஷோர்ட் ஈட்ஸ்'. முழுத் தட்டுக்கும் காசு கொடுக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். எடுத்ததை மட்டும் எண்ணிக் கணக்குப் போடுவார்கள். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். ஆகவே எடுக்கப்போவதை மட்டும் தொடுங்கள். லண்டனிலிருந்து வந்த சாச்சாவின் மகள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, கடைசியில் அத்தனைக்கும் நாங்கள் காசு கொடுத்தோம். அன்றைக்குத் தம்பிக்குத்தான் யோகம்!

சாப்பிட்ட பின் நேரமிருந்தால் இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு நடந்து போய், சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைப் பார்க்கச் சொல்லுங்கள். 1908, 1909 காலப்பகுதியில் கட்டப்பட்ட அந்தச் சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசல் காலை வெயிலில் மிக அழகாக இருக்கும். பத்து மணிக்குப் பிறகு அந்தத் தெருவில் நாட்டாமிமார் தள்ளும் வண்டிகளுக்கு இடையே நடப்பதே பெரும் பாடு.

பகல்: சோறும் கறியும்

பகல் சாப்பாட்டுக்குக் கொழும்பு முழுவதும் சோறு கறிக் கடைகள் உண்டு. பதினொன்றரைக்கே சோற்றுப் பார்சல்கள் கட்டத் தொடங்கிவிடுவார்கள். பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் கந்தோர் ஆட்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். ஆகவே வயதானவர்களோடு போகிறவர்கள் பன்னிரண்டுக்கு முன் போவது நல்லது. கறிகளை வரிசையாக வைத்திருக்கும் கடை என்றால் பட்டியலை வாசிக்க வேண்டியதில்லை. கண் மங்கலாக இருப்பவரும் பக்கத்தில் போய்க் கை காட்டிக் கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை என்றால் இன்னொரு கவனம் வேண்டும். ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல மூடியிருக்கும். ரமழானில் பகலில் அவை திறப்பதே அரிது. ஆனால் நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சியும், சமூசாவும், பேரீச்சம்பழமுமாகத் தெருவே உயிர் பெற்றுவிடும்.

அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குக் கைகொடுப்பவை சைவக் கடைகள். பம்பலப்பிட்டி காலி வீதியிலுள்ள சரஸ்வதி லொட்ஜ் பழைய கடை. தோசையும் வடையும் விரைவாக வரும். வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியிலுள்ள சண்முகாஸ் கொஞ்சம் பெரிய இடம். ஆறுதலாக இருந்து சாப்பிடலாம். இறைச்சியே இல்லாததால் இறைச்சி ஹலாலா என்ற கேள்வி எழாது. ரியூஷன் வகுப்பிலிருந்து நான் இந்துத் தோழி ஒருத்தியோடும் சிங்களத் தோழி ஒருத்தியோடும் போவதும் இப்படிப்பட்ட கடைகளுக்குத்தான். மூவருக்கும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடலாம் என்பது சின்ன விடயமாகத் தெரியலாம். அந்த வயிற்றுப் பசியில் அது பெரிய விடயம்.

யாழ்ப்பாணச் சாப்பாட்டை விரும்புகிறவர்களை வெள்ளவத்தைக்கே அனுப்புங்கள். நண்டுக்கறி, இறால் வறுவல், ஒடியற்கூழ் என்று அந்த மண்ணின் ருசியை அங்கே தேடிப் பிடிக்கலாம். புறக்கோட்டையிலிருந்து காலி வீதியால் போகும் 100, 101 இலக்க பஸ்கள் இந்த ஊர்கள் எல்லாவற்றையும் தொட்டுப் போகும்.

மாலை: காலிமுகத்திடல்

எந்த விருந்தாளிக்கும் நான் தயங்காமல் சொல்லும் ஒரே இடம் காலிமுகத்திடல். இங்கே உட்காருவதற்குக் காசு இல்லை. காற்று இலவசம். இறால் வடையும், அன்னாசி மாங்காய் அச்சாறும், கடலையும் தள்ளுவண்டிகளில் கிடைக்கும். வடைக்கு மேலே முழு இறாலை வைத்துப் பொரித்து, வெங்காயமும் காரமும் கலந்த சம்பலோடு காகிதத்தில் தருவார்கள். சூடாகப் பொரிக்கும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்தத் திடலில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் இந்த நடைபாதையைத் தொடங்கி, 1859இல் முடித்து, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைத்ததாக அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் மனதில் இருந்த பெண்கள் அக்காலத்து வெள்ளைக்காரச் சீமாட்டிகளாக இருக்கலாம். இன்றைக்கு அந்த வார்த்தையின் பயன் எங்களுக்குக் கிடைக்கிறது. என் உம்மும்மா எந்தக் கடையிலும் வாய் திறந்து சாப்பிடக் கூச்சப்படுவார். ஆனால் காலிமுகத்திடலில் பாய் விரித்துக் கடலைப் பார்த்தபடி இரண்டு இறால் வடை சாப்பிடுவார்.

மஃரிப் பெரும்பாலும் ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில் வந்துவிடும். சூரியன் மறைவதைப் பார்க்க நிற்கிறவர்கள் தொழுகைக்கு எங்கே போவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு வேண்டுமென்றால் காலி வீதியில் பொம்பே ஸ்வீட் மஹால் இருக்கிறது. ரோஜாப் பாணியும், பாலும், கசகசாவும், ஐஸ்கிறீமும் சேர்ந்த பலூடாதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பரீட்சை முடிவு விருந்து. சீனி வருத்தக்காரரை மட்டும் அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு நீங்கள் குடிக்காதீர்கள். அது பெரிய பாவம்!

இரவு: கொத்துச் சத்தம்

இரவில் கொழும்பின் பாட்டு கொத்து ரொட்டிச் சத்தம்தான். சூடான இரும்புத் தட்டில் ரொட்டி, முட்டை, மரக்கறி, இறைச்சி, கறிக்குழம்பு எல்லாவற்றையும் போட்டு, இரண்டு தகடுகளால் தாளம் போட்டுக் கொத்துவார்கள். கொள்ளுப்பிட்டி காலி வீதியிலுள்ள பிலாவூஸ் இதற்குப் பேர்போன கடை. அங்கே சீஸ் கொத்தும் ஐஸ் மைலோவும் கேட்காதவர் குறைவு. இதே பெயரை முன்னும் பின்னும் ஏதாவது சேர்த்து வைத்துக்கொண்ட கடைகள் நகரம் முழுவதும் உண்டு. ஆகவே விருந்தாளியிடம் கடையின் பெயரை மட்டும் சொல்லாமல் வீதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு கொத்து இரண்டு பேருக்குப் போதும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், அப்துல் ஹமீத் வீதி இரவானதும் சாப்பாட்டுத் தெருவாக மாறிவிடும். சுட்ட கோழி, கொத்து, பராட்டா, பழச்சாறு என்று தெரு முழுவதும் புகையும் வெளிச்சமும்தான். பகலில் கறுப்புக் கோட்டுச் சட்டத்தரணிகள் நடமாடும் பகுதி இரவில் இப்படி மாறுவதை வெளிநாட்டவர்கள் அதிசயமாகப் பார்ப்பார்கள். நாங்கள் குடும்பமாகப் போனபோது எட்டு மணிக்கு முன்பே போனோம். அப்போது பெண்களும் பிள்ளைகளும் நிறைய இருந்தார்கள். நேரம் போகப் போக இளைஞர் கூட்டம் கூடிவிடும். பெண்களோடு போகிறவர்களுக்கு 'முந்திப் போங்கள்' என்பதே என் ஆலோசனை.

கொம்பனித்தெருவும் ஹலால் கேள்வியும்

ஒல்லாந்தக் கொம்பனியின் நினைவாகவே 'கொம்பனித்தெரு' என்ற பெயர் வந்தது என்பார்கள். மலே வீதி, ரைபிள் வீதி, ஜாவா லேன் ஆகிய பெயர்கள் அங்கே வாழ்ந்த மலாய் வீரர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் இன்றும் நினைவூட்டுகின்றன. தேங்காய்ப்பாலும், கித்துள் கருப்பட்டியும், முட்டையும், ஏலமும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் நமக்கு மலாய் மக்கள் தந்தது. பெருநாள் நாளில் நம் வீடுகளில் அது இல்லாமல் இருக்காது. இன்று அங்கே பழைய வரிசை வீடுகள் குறைந்து மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. இருந்தும் மலாய்ச் சாப்பாட்டை வீட்டில் சமைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் மூலம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

கொழும்பின் இன்னொரு பேர்போன சாப்பாடு லம்ப்ரைஸ். இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் பொதிந்து அவனில் சூடாக்குவார்கள். இது பறங்கியருடைய உணவு. பழைய முறைப்படி செய்யும்போது கலப்பு இறைச்சிக் கறியில் பன்றி இறைச்சியும் சேரும். ஆகவே நம்மவர்கள் கேட்டு வாங்க வேண்டும். கோழியில் மட்டும் செய்கிற முஸ்லிம் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இறைச்சி எங்கிருந்து வருகிறது, பன்றி இறைச்சி அதே பாத்திரத்தில் சமைக்கப்படுகிறதா, மது பரிமாறுகிறீர்களா என்ற மூன்று கேள்விகளையும் மரியாதையாகக் கேட்டால் எல்லாரும் மரியாதையாகவே பதில் சொல்வார்கள். நான் கேட்ட ஒரு கடையில் முதலாளி அம்மா தானே வந்து, "இது உங்களுக்குச் சரிவராது மகள், மீன் சாப்பிடுங்கள்" என்று சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் மீன் வாங்கிச் சாப்பிட்டேன்.

பெரிய இடங்கள்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தைக் கட்டாயம் கேட்பார்கள். மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் சேர்ந்து 2011இல் திறந்த மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் அங்கேதான் இருக்கிறது. நமது களப்பு நண்டு உலகம் முழுவதும் பெயர் எடுத்தது அதனால்தான் என்று நானா சொல்வார். நான் முற்றத்தில் நின்று படம் மட்டுமே எடுத்திருக்கிறேன். ஆகவே என் சட்டப்படி அது பட்டியலில் இல்லை. சங்கக்கார அழைத்தால் சேர்த்துக்கொள்வேன்.

பெரிய இடங்களுக்குப் போகிறவர்கள் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் அடையாளங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் பின்னால் சேரும் என்பதே அதன் அர்த்தம். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 வீதம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். 1,000 ரூபாய் என்று எழுதியிருப்பது பில்லில் 1,300ஐ நெருங்கிவிடும். இது தெரியாமல் போய், கைப்பையைக் கவிழ்த்துச் சில்லறை பொறுக்கிய அனுபவம் என் தோழியருக்கு நிறைய உண்டு. பெயர் சொல்லமாட்டேன்.

பலகை இல்லாத கடைகள்

கடைசியாக ஒன்று. கொழும்பில் நான் சாப்பிட்ட மிக நல்ல புரியாணி எந்தக் கடையிலும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு சாச்சி சொல்லி வைத்தால் சஹனில் ஆறு பேருக்குச் சமைத்துத் தருவார். 2022இல் காஸ் வரிசையில் நாடே நின்ற காலத்திலும் விறகு வைத்துச் சமைத்துத் தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். நாம் கடைகளில் வாங்கும் ரோல்ஸும் கட்லட்டும்கூடப் பல இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து போகின்றவைதான். விருந்தாளிகள் நான்கைந்து பேராக வந்தால் முதல் நாளே சொல்லி, இவர்களிடம் வாங்குங்கள். விருந்தாளி வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடலாம். காசு நம் அயல் வீட்டுக்குப் போகும்.

மாமி மறுபடி வந்தார்

ஏப்ரல் விடுமுறையில் மாமி அடுத்த கிளினிக்குக்கு வந்தார். இந்த முறை என் பையில் இரண்டு வாழைப்பழமும், ஒரு பெட்டி டொபியும், இடியப்பப் பார்சலும் இருந்தன. பத்து மணிக்கு வரிசையிலேயே இடியப்பம் கொடுத்தேன். பன்னிரண்டுக்குச் சற்று முன்னர் வெளியே வந்ததும் மருதானைப் பக்கம் ஒரு சோறு கறிக் கடைக்குக் கூட்டிப்போனேன். கீழ்த்தளத்திலேயே ஓரமாக ஒரு மேசை. கறிகள் முன்னால் வரிசையாக இருந்தன. மாமி கிட்டப் போய்ப் பார்த்து, கீரையும், பாகற்காயும், மீனும் கை காட்டினார். ஐந்து நிமிடத்தில் சாப்பாடு வந்தது. பாதியில், "மகள், கொஞ்சம் மீன் ஆணம் கேளு" என்றார்.

மாமி ஒரு கடையில் வாய் திறந்து கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காசும் அவரே கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.

வெளியே வந்ததும், "இந்தக் கடைட பேர் என்ன? ஊர்ல சொல்லோணும்" என்று கேட்டார். பலகையைத் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் எழுத்தெல்லாம் மங்கிப்போயிருந்தது. ஆகவே என் பட்டியலில் அது இப்படித்தான் இருக்கிறது: "கண் வைத்தியசாலையிலிருந்து மருதானைக்குப் போகும் வழியில், மங்கிய பலகைக் கடை. படி ஏற வேண்டியதில்லை. சாப்பாடு தயாராக இருக்கும். பெண்கள் உட்காரலாம். மீன் ஆணம் கேட்டால் தருவார்கள்."

சென்ற கிழமை அக்கரைப்பற்றிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டார். கண் கிளினிக்குக்கு வருகிறாராம். மாமி இலக்கம் கொடுத்தாராம். "மகள், அந்த மீன் ஆணக் கடைக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார். நான் முதலில் கேட்டது, "உங்களுக்குச் சீனி இருக்கிறதா?" என்பதைத்தான்.